திரும்பத் திரும்பப் போகும் பேரிங்கும் மோட்டாரும்: அரிசி ஆலைக்கான பிழை நீக்கும் வழிமுறை

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி எனத் தாமிரபரணிப் பாசனத்தை ஒட்டிய ஊர்களின் ஆலைகளிலிருந்து பழுது என்று அழைப்பு வந்தால், அது பெரும்பாலும் புதிய பழுதாக இருப்பதில்லை. "அண்ணாச்சி, போன மாசம் மாத்துன பேரிங்குதான், மறுபடியும் சத்தம் போடுது" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அதே இடத்தில் இரண்டாம் முறையும் போன பேரிங்கை மூன்றாம் முறை மாற்றுவதற்கு முன், அதைக் கெடுப்பது எது என்று தேடியாக வேண்டும். அந்தத் தேடலுக்கான வரிசையே இந்தக் குறிப்பு.

இது ஆலையின் ஃபிட்டருக்கும் எலெக்ட்ரீசியனுக்கும், அவர்கள் இருவரும் இல்லாத வேளையில் முடிவெடுக்க வேண்டிய மேற்பார்வையாளருக்கும் எழுதப்பட்டது. எண்ணெய் ஆலை, மாவு மில், நூற்பாலை ஆகியவற்றிலும் மோட்டாரும் பெல்ட்டும் இதே முறையில்தான் பழுதாகின்றன என்பதால் அங்கும் பயன்படும். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலிலும், செலவு மிகுந்தது கடைசியிலும் வருகின்றன. பிசான நெற்பருவத்தின் அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் முற்றத்தில் குவிந்திருக்கும் அவசரத்தில் செலவு மிகுந்த காரணமே முதலில் கண்ணில் படும் என்பதால், அந்த வரிசையை மாற்றாமல் பார்ப்பது நல்லது.

## கை வைப்பதற்கு முன்

மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வேலை செய்பவரே தம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் மோட்டார் முனைகளில் மூன்று ஃபேஸிலும் மின்சாரம் இல்லை என்பதை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நெல்லைப் பக்கெட்டுகளில் மேலே தூக்கும் எலிவேட்டரில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. நெல் நிறைந்த பக்கத்தின் எடையே பெல்ட்டைப் பின்னோக்கி இழுத்துவிடும் என்பதால், மின்சாரம் இல்லை என்பது மட்டும் அங்கே பாதுகாப்பு ஆகாது. பெல்ட்டையோ மேல் புல்லியையோ கட்டிய பிறகே அதன் அடிப்பெட்டியின் (பூட்) கதவைத் திறக்க வேண்டும்.

## அறிகுறி 1: ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் டிரிப் ஆகிறது

மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துவது ஓவர்லோடு ரிலே. அதன் திருகை ஏற்றிவிட்டு ஓட்டுவது பல ஆலைகளில் நடக்கிறது, அதற்குக் கொடுக்கும் விலை மோட்டாரின் உள்ளிருக்கும் கம்பிச் சுற்றான வைண்டிங். ரிலே தன் வேலையைச் செய்கிறது என்று கொண்டு, முதலில் அது எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மோட்டாரை ஸ்டார் இணைப்பில் கிளப்பிப் பின் டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே டெல்டா வளையத்தினுள் இணைக்கப்பட்டிருந்தால், பெயர்ப் பலகையில் உள்ள ஆம்பியரில் 58 சதவீதத்துக்கே அதை வைக்க வேண்டும். பலகையில் 14.5 ஆம்பியர் என்றிருந்தால் ரிலேயில் இருக்க வேண்டியது ஏறத்தாழ 8.4. பலகையில் உள்ள எண்ணையே ரிலேயிலும் வைத்திருந்தால், வெளிக் கம்பியில் 25 ஆம்பியர் போகும் வரை ரிலே அசையாது, அதற்கு முன்பே மோட்டார் எரிந்துவிடும். ஏற்கெனவே எரிந்து காயில் கட்டப்பட்ட, அதாவது வைண்டிங் மறுபடி சுற்றப்பட்ட, மோட்டார்களின் ஸ்டார்ட்டரில் இந்த ஒன்றை உடனே பாருங்கள்.

### சுமையைக் கழற்றி ஓட்டினாலும் டிரிப் ஆகிறது

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டி, கம்பியைக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டரால் மூன்று கம்பிகளிலும் ஆம்பியர் எடுக்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவும் குறைவாகவும் இருந்தால் ரிலேயையோ அதன் முனைத் திருகுகளையோ சந்தேகிக்கலாம். கம்பி முனையின் இணைப்புத் துண்டான லக் தளர்ந்தால், அது சூடேறி ரிலேயின் உள்ளிருக்கும் தகட்டையும் சூடாக்குவதால், சுமை இல்லாமலே ரிலே டிரிப் ஆகும். லக்கின் மேலுறை கறுத்திருப்பதும் பிளாஸ்டிக் உருகிய வாடையும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு கம்பியில் மட்டும் ஆம்பியர் ஏறி நிற்கிறது என்றால், குற்றம் மின்வழங்கலிலா மோட்டாரிலா என்று பிரிக்க எளிய வழி உண்டு. மெயினை அணைத்து, ஸ்டார்ட்டருக்கு வரும் மூன்று கம்பிகளையும் ஒரே திசையில் ஒவ்வோரிடம் நகர்த்தி மாட்ட வேண்டும். மூன்றையும் நகர்த்துவதால் சுழலும் திசை மாறாது. மீண்டும் ஓட்டும்போது கூடுதல் ஆம்பியர் அதே வரத்துக் கம்பியோடு இடம் மாறினால் கோளாறு வழங்கலில் இருக்கிறது, பழைய முனையிலேயே நின்றால் ஸ்டார்ட்டரிலோ மோட்டாரிலோ இருக்கிறது. இரண்டாவது நிலையில், ஸ்டார்ட்டருக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் முனைகள் கருகியிருக்கின்றனவா என்று பார்த்து, அங்கே குறையில்லை என்றால் மோட்டாரைக் காயில் கட்டுபவரிடம் அனுப்பலாம்.

### சுமை ஏறும்போது மட்டும் டிரிப் ஆகிறது

மோட்டாரை விட்டுவிட்டு எந்திரத்தைப் பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றி எந்திரத்தின் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் இளகினால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம், எங்கும் ஒரே இறுக்கம் என்றால் பேரிங்கோ அடைப்போ காரணம். அரிசியைத் தீட்டும் பாலிஷரில் தவிட்டுச் சல்லடை அடைத்திருப்பதும், உமி நீக்கும் ரப்பர் ரோல்களை அளவுக்கு மீறி நெருக்கி வைத்திருப்பதும் ஆம்பியரை ஏற்றும். ஈரம் போகாத நெல்லும் அப்படியே. அரவைக்கு வரும் புழுங்கல் நெல்லின் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால், எந்திரத்தைத் திறப்பதற்கு முன் உலர்த்தும் களத்தைக் கேட்க வேண்டும்.

### சில மணி நேரங்களில் மட்டும் டிரிப் ஆகிறது

இரவில் ஒழுங்காக ஓடி, பகலில் மட்டும் நிற்கிறது என்றால் அந்த நேரத்திலேயே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மூன்று ஃபேஸ்களுக்கிடையே 415, 409, 397 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 407, அதிலிருந்து மிகவும் விலகியது 10 வோல்ட், அதாவது ஏறத்தாழ 2.5 சதவீதம். பார்க்கச் சிறிதாகத் தோன்றினாலும், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு மின்னோட்டத்தில் ஆறு முதல் பத்து மடங்காக வெளிப்படும் என்பதால், ஒரு கம்பி இங்கே தாங்க முடியாத சுமையை ஏற்கிறது. ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, ஐந்தைத் தாண்டினால் மோட்டாரை ஓட்டவே கூடாது. ஆலைக்குள் ஒற்றை ஃபேஸ் சுமைகள் எல்லாம் ஒரே ஃபேஸில் குவிந்திருக்கின்றனவா என்று முதலில் பார்த்துப் பிரித்துவிட்டு, அதன் பின்னும் மீட்டருக்கு வரும் இடத்திலேயே வேறுபாடு இருந்தால் அளவுகளை நேரத்தோடு எழுதி மின்வாரிய அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வாய்ச்சொல்லாகச் சொன்னதைவிட எழுதிக் கொடுத்த எண்களுக்கு விரைவில் ஆள் வருகிறது.

ஆனி, ஆடி மாதங்களில் மட்டும் சூடு மிகுந்து டிரிப் ஆகும் மோட்டார்களுக்கு வேறொரு காரணம் உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வீசும் அந்தக் காலத்தில், முற்றத்து உமிக் குவியல் மோட்டாருக்கு மேற்கே இருந்தால், உமித்தூசி முழுவதும் விசிறி மூடியிலும் உடலின் வரிப்பள்ளங்களிலும் அடைந்துகொள்கிறது. தூரிகையால் துடைத்தால் போதும். குவியலை இடம் மாற்றினால் இன்னும் நல்லது.

## அறிகுறி 2: மோட்டார் உறுமுகிறது, சுழலவில்லை

உடனே அணைக்க வேண்டும். இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. பெரும்பாலும் ஒரு ஃபேஸ் வரவில்லை. ஃபியூஸ், கான்டாக்டர், லக், கேபிள் என்ற வரிசையில் தேடினால் கிடைத்துவிடும். மூன்று ஃபேஸும் வந்தும் உறுமுகிறது என்றால் சுமை பூட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது.

மோட்டார் எரிந்தே போய்விட்டால், காயில் கட்டுபவர் பழைய கம்பியை வெட்டி எறிவதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். எல்லாச் சுற்றுகளும் ஒரே சீராகக் கருகியிருந்தால் நெடுநேரம் அதிகச் சுமையில் ஓடியிருக்கிறது. ஸ்டாரில் ஓடும் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று புதிது போல் இருந்தாலும், டெல்டாவில் ஓடுவதில் ஒன்று கருகி இரண்டு நன்றாக இருந்தாலும், ஒரு ஃபேஸ் போன நிலையில் ஓடி எரிந்தது என்று பொருள். அதைத் தடுக்கும் ஒற்றை ஃபேஸ் பாதுகாப்பு ரிலே, காயில் கட்டும் கூலியோடு ஒப்பிட்டால் மலிவு.

## அறிகுறி 3: பேரிங் சூடாகிறது, சத்தம் போடுகிறது, மாற்றியும் போகிறது

### தொட முடியாத சூடு

வெளி உறையில் உள்ளங்கையை ஓரிரு நொடிகளுக்கு மேல் வைக்க முடியவில்லை என்றால் சூடு 60 டிகிரியை ஒட்டியிருக்கும். சித்திரை வெயிலில் கொட்டகைக்குள் 40 டிகிரி நிற்கும் நம் ஊரில், அது மட்டுமே பழுதுக்கு அடையாளம் ஆகாது. அதே வகை எந்திரத்தின் இன்னொரு பேரிங்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் 80 டிகிரியைத் தாண்டியதும் நிறுத்த வேண்டும்.

காரணங்களில் முதலாவது, கிரீஸ் குறைந்திருப்பதைவிட அதிகமாகியிருப்பது. பேரிங்கிலும் அதன் வெளியிலும் உள்ள வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கிரீஸ் இருந்தால் போதும். நிறைத்துவிட்டால் உருளைகள் அதைக் கடைந்துகொண்டே ஓடி, அந்தக் கடைசலிலேயே சூடேறுகின்றன. அளவு தெரிய ஒரு கணக்கு உண்டு: வெளிவட்ட விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி 0.005 ஆல் பெருக்கினால் கிராமில் விடை வரும். 6308 பேரிங்குக்கு 90, 23 என்பவை அளவுகள்; எனவே ஒருமுறைக்கு ஏறத்தாழ 10 கிராம். உங்கள் கிரீஸ் கன் ஓர் அடிக்கு எவ்வளவு தள்ளுகிறது என்பதைத் தாளில் பத்து அடி அடித்து நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் நிறுத்துப் பார்த்து, கன்னின் மேலேயே எழுதி வையுங்கள். கிரீஸ் வைத்த சில மணி நேரம் சூடு சற்று ஏறிப் பின் இறங்குவது இயல்பு. இறங்காவிட்டால் வடிகால் துளையைத் திறந்து ஓட்டி அதிகப்படியை வெளியேற்ற வேண்டும். இரு புறமும் தகடு மூடிய இசட் இசட் வகைப் பேரிங்குக்கு நிப்பிள் வழியாகக் கிரீஸ் தேவையே இல்லை.

அடுத்தது கலப்பு. ஒரு டப்பாவில் லித்தியம் கிரீஸும், அது தீர்ந்ததும் கிடைத்த வேறொன்றும் மாறி மாறிப் போனால், சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் நீர்த்து வழிந்துவிடும். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்ய முடியாது.

### மாற்றிய பேரிங் மீண்டும் போகிறது

கழற்றிய பேரிங்கைப் பழைய இரும்பில் போடாதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவி, வெளிவட்டத்தை வெட்டி, வெயிலில் வைத்துப் பாருங்கள். இந்தத் தொழிலில் இதைப்போல் வெளிப்படையாகப் பேசும் சாட்சி வேறில்லை.

ஓடுபாதையில், குண்டுகளுக்கு இடையே உள்ள அதே இடைவெளியில் சிறு குழிகள் இருந்தால், ஏற்றும்போது சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். அந்த அடி குண்டுகள் வழியாகப் பாதையில் பதிந்திருக்கிறது. பேரிங்கை எண்ணெயிலோ இண்டக்‌ஷன் ஹீட்டரிலோ 110 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் ஷாஃப்டில் தானே நழுவி அமரும். 125 டிகிரியைத் தாண்டவும் நேரடித் தீச்சுவாலையில் காட்டவும் கூடாது. அடித்தே ஆக வேண்டும் என்றால் உள்வட்டத்தில் மட்டும் பொருந்தும் குழாயை வைத்து அடிக்க வேண்டும்.

ஓடிய தடம் வெளிவட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாய்ந்து போனால், ஷாஃப்டும் உறையும் நேர்கோட்டில் இல்லை. அறிகுறி 4-க்குப் போங்கள். பாதை மங்கிச் சாம்பல் நிறமாக, விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தால் உமித்தூசி உள்ளே போயிருக்கிறது. உமியில் சிலிக்கா உண்டு, உமிச் சாம்பலின் பெரும்பகுதியும் அதுவே. அது எஃகையும் தேய்க்கும். சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் அதே கதைதான்.

பாதையில் குறுக்கே துணி துவைக்கும் பலகை போல் வரிவரியாக இருந்தால் மின்னோட்டம் பேரிங் வழியே போயிருக்கிறது. வேகமாற்றி டிரைவில் ஓடும் மோட்டார்களில் இது வரும். நம் ஆலைகளில் இன்னொரு காரணமும் உண்டு: எந்திரத்தின் ஒரு மூலையில் வெல்டிங் வைத்து, எர்த் கிளாம்பை வேறொரு மூலையில் மாட்டுவது. கிளாம்ப் எப்போதும் வெல்டிங் வைக்கும் துண்டிலேயே இருக்க வேண்டும்.

பேரிங்கின் வெளிப்புறமே பளபளவெனத் தேய்ந்தோ செம்பழுப்புத் தூள் படிந்தோ இருந்தால், பேரிங் உறைக்குள் சுற்றியிருக்கிறது. உறையில் சென்டர் பஞ்ச் அடித்து இறுக்கும் வழக்கம் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். லேத் பட்டறையில் உறையைக் கடைந்து ஸ்லீவ் போடுவதே தீர்வு, இது ஆலைக்குள் செய்யும் வேலை அன்று.

பேரிங்கில் பொறித்துள்ள எண்ணையும் சரிபார்க்க வேண்டும். பழையதில், கூடுதல் உள் இடைவெளியைக் குறிக்கும் சி3 என்று பொறித்திருந்தால் புதியதிலும் அது வேண்டும். சூடேறும் மோட்டாரில் சாதா இடைவெளியுள்ள பேரிங் இறுகிவிடும். பாதி விலையில் கிடைக்கும் பிரபல நிறுவனப் பெட்டியை நம்பாமல், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குங்கள்.

மாற்றிய தேதி, எண், கழற்றியதில் கண்ட அடையாளம் ஆகிய மூன்றையும் எந்திரவாரியாக ஒரு நோட்டில் எழுதினால், இரண்டு பருவங்களுக்குள் எந்த எந்திரம் பணத்தைத் தின்கிறது என்பது தெரிந்துவிடும். மூன்றாம் முறையும் அதே அடையாளத்தோடு போனால், அதிர்வை அளந்து பகுப்பவரை அழைக்க வேண்டிய நேரம் அது.

## அறிகுறி 4: எந்திரம் அதிர்கிறது

ஓடும்போது மெயினை அணைத்துக் கவனியுங்கள். அணைத்த அந்தக் கணமே அதிர்வு மறைந்தால் காரணம் மின்சாரம் சார்ந்தது; வேகம் குறையக் குறைய மெல்லத் தணிந்தால் எந்திரம் சார்ந்தது. பிறகு பெல்ட்டையோ, இரு ஷாஃப்டுகளை இணைக்கும் கப்ளிங்கையோ கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டினால், குற்றம் எந்தப் பக்கம் என்பது பிரிந்துவிடும்.

மோட்டார் பக்கம் என்றால் முதலில் அடித்தள போல்ட். நான்கையும் இறுக்கிய பின், ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அந்தக் கால் எழும்புகிறதா என்று டயல் கேஜில் பார்க்க வேண்டும். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பினால் அந்தக் காலின் கீழ் மெல்லிய தகடு (ஷிம்) தேவை. இதைச் செய்யாமல் கப்ளிங்கை எத்தனை முறை நேர் செய்தாலும், போல்ட்டை இறுக்கும்போது மீண்டும் கோணிக்கொள்ளும்.

அதிர்வது காற்று ஊதும் ப்ளோயர் என்றால் இறக்கையைத் திறந்து பார்ப்பதே முதல் சோதனை. தவிடு ஒரு பக்கம் அப்பியிருந்தால் சுரண்டி எடுத்தவுடன் நின்றுவிடும். உமி உரசி இறக்கை தேய்ந்திருந்தால், ஓர் இறக்கைக்கு மட்டும் தகடு பற்றவைப்பது அதிர்வைக் கூட்டும். இறக்கைச் சக்கரம் (இம்பெல்லர்) முழுவதையும் கழற்றி, ஓடவிட்டுச் சமன் செய்யும் கருவி உள்ள பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அதிர்வு மீட்டர் கைவசம் இருந்தால், 15 கிலோவாட் வரையிலான மோட்டாரில் நொடிக்கு 4.5 மில்லிமீட்டரைத் தாண்டியதும் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

## அறிகுறி 5: பெல்ட் கீச்சிடுகிறது, கருகுகிறது

இறுக்கம்தான் முதலில். இரு புல்லிகளுக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால், ஒரு மீட்டர் இடைவெளிக்கு ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் கீச்சிடல் நிற்கும், புல்லிப் பக்கத்துப் பேரிங் போகத் தொடங்கும். ஒரு பக்கப் பேரிங் மட்டும் அடிக்கடி போகும் மோட்டார்களில் இதை மறக்காமல் பாருங்கள். புல்லிப் பள்ளத்தின் அடித்தளம் பளபளத்தால் பள்ளம் தேய்ந்து பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது. புல்லியை மாற்றாமல் தீராது. நான்கில் ஒன்று அறுந்தாலும் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒரு நாள் ஓடிய பின் மீண்டும் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும்.

## அறிகுறி 6: எலிவேட்டர் அடைத்துக்கொள்கிறது

நெல் போகும் பாதையில் கடைசி எந்திரத்தை முதலில் ஓட்டி, பின்னோக்கி வந்து, எலிவேட்டர் முழு வேகம் எடுத்த பிறகே வாயிலைத் திறக்க வேண்டும். இந்த ஒழுங்கு தவறுவதே பெரும்பாலான அடைப்புகளுக்குக் காரணம். ஒழுங்கு சரியாக இருந்தும் அடைத்தால், பெல்ட்டின் இணைப்பு ஒரு சுற்று வர எடுக்கும் நேரத்தைச் சுமை இல்லாமலும் சுமையோடும் அளந்து பாருங்கள்; சுமையில் நேரம் நீண்டால் மேல் புல்லியில் பெல்ட் நழுவுகிறது. நழுவும் பெல்ட்டின் உராய்வுச் சூடு தூசி நிறைந்த தலைப்பகுதியில் தீப்பிடிக்கக் காரணமாகும் என்பதால், ரப்பர் கருகும் வாடை வந்தால் அன்றைய அரவையை நிறுத்தத் தயங்கக் கூடாது. பக்கெட் போல்ட் கழன்று உறையில் இடிக்கும் 'டக் டக்' ஒலியும் அதே அளவுக்கு அவசரமானது.

## அறிகுறி 7: மோட்டார் நனைந்துவிட்டது

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த வெள்ளத்தில், நெல்லையிலும் தூத்துக்குடியிலும் நீர் புகுந்த கட்டடங்கள் எத்தனையோ. ஐப்பசி, கார்த்திகையின் சாதாரண மழையிலும் தாழ்வான கொட்டகைகளில் மோட்டார் நனைகிறது. மேலே காய்ந்துவிட்டது என்று சுவிட்சைப் போடுவதுதான் மீட்க முடிந்த மோட்டாரை எரிக்கிறது.

தூறல் மட்டும் பட்டதென்றால், கேபிளைக் கழற்றி மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் உடலுக்கும் வைண்டிங்குக்கும் இடையே அளக்க வேண்டும். 1 மெகாஓம் குறைந்தபட்சம், 5-க்கு மேல் வந்தால் நிம்மதி. குறைவாக இருந்தால் முனைப்பெட்டியைத் திறந்து, விளக்கு வெப்பத்தில் ஓர் இரவு வைத்து, ஆறிய பின் மீண்டும் அளக்கலாம். சூடாக இருக்கும்போது எடுத்த அளவும் ஆறியபின் எடுத்த அளவும் ஒன்றாக இருக்காது.

மூழ்கியதென்றால் நேரே காயில் கட்டும் கடைக்குத்தான். அங்கே சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, 80 முதல் 90 டிகிரி அடுப்பில் உலர்த்தி, மெக்கர் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மீண்டும் கட்டுவார்கள். பேரிங்குகளை எந்த நிலையிலும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. மோட்டாரை அனுப்பும் முன் பெயர்ப் பலகையையும் முனைகளின் இணைப்பையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அது கடையில் இருக்கும் நாள்களில் ஸ்டார்ட்டரையும் கேபிளையும் எர்த் இணைப்பையும் தனித்தனியே அளந்து முடியுங்கள். உலர்த்தி வந்த மோட்டார் முதல் நாளே மீண்டும் டிரிப் ஆகும் இடங்களில், ஈரம் பெரும்பாலும் தரைக்கடியில் போகும் கேபிளில்தான் தங்கியிருக்கிறது.